கச்சானும் வாடையும் கல்லூரித் திறப்பும்

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. டிசம்பர் 2 இரவு இலங்கையில் திருகோணமலைப் பக்கம் கரையேறி, தீவைக் குறுக்கே கடந்து, வலுவிழந்து, ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்றுவிட்டது. தூத்துக்குடியில் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த வாரம் முடிந்து டிசம்பர் 7, திங்கட்கிழமை, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்காகத் திறந்தன. கலை, அறிவியல், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம் என எல்லாப் படிப்புகளுக்கும் அதே தேதிதான். கொரோனா தொற்றால் மார்ச் நடுவில் பூட்டிய வகுப்பறைகள், ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து மாணவர்களைப் பார்த்தன.

அந்தத் திறப்பு நிலைக்கவில்லை. 2021 பிப்ரவரி 8 அன்று, இரண்டாவது திறப்பில், மற்ற ஆண்டு மாணவர்களும் வந்தார்கள். மார்ச் இறுதி வாரத்தில் வகுப்புகள் மறுபடியும் கைபேசித் திரைக்குப் போயின. இரண்டாம் அலை, மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000-க்கும் மேற்பட்ட தொற்றுகளைக் காட்டி, பிறகு இறங்கியது. செப்டம்பர் 1 அன்று மூன்றாவது திறப்பு. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்ததும் மறுபடி அடைப்பு. பிப்ரவரி 1 அன்று நான்காவது திறப்பு.

இந்தத் தேதிகளை எல்லாம் தீர்மானித்தது மாநிலத்தின் தொற்று எண்ணிக்கை. சென்னைக்கும் கோவைக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே நாள், ஒரே விதிமுறை. ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அறைக்குள் நோய் பரவுமா, பரவாதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அந்த அறையின் காற்று. காற்றுக்குப் பெயர்போன ஒரு கடற்கரை ஊரை வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

திரையில் அடங்காத பாடம்

தூத்துக்குடி படிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். தூய மரியன்னை கல்லூரி 1948-இல் தொடங்கியது. வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951-இல், காமராஜ் கல்லூரி 1966-இல், மீன்வளக் கல்லூரி 1977-இல். வேம்பாரிலிருந்தும் தருவைகுளத்திலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும், உள்நாட்டில் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், எட்டயபுரத்திலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள்.

இவர்களுக்குக் கைபேசி வகுப்பு என்றால் முதல் கேள்வி டேட்டா. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும் என்றால் வகுப்பு அவ்வளவுதான். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்க முன்வந்ததற்கு இந்த டேட்டா கவலைதான் காரணம்.

டேட்டா கிடைத்தாலும் திரையில் அடங்காத பாடங்கள் உண்டு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நிறத்தையும் வழவழப்பையும் வைத்து, அது பிடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வதைக் காணொளியில் பார்க்கலாம், கற்றுக்கொள்ள முடியாது. முத்து வளர்ப்பையே எடுத்துக்கொள்வோம். 1973-இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சுவாமி குழுவினர் முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். 1981-இல் அதே நிலையத்தின் தூத்துக்குடி ஆய்வகம் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியது. முத்து வளர்ப்பில் மையமான வேலை ஓர் அறுவைச் சிகிச்சை. சிப்பி தானாக வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். திறந்த இடைவெளியில் முளை செருகி, உள்ளே சிறு கீறல் போட்டு, வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிய திசுத்துண்டையும் ஓட்டில் கடைந்த மணியையும் ஒன்றையொன்று தொடும்படி வைக்க வேண்டும். விரல் சற்று அழுத்தினால் சிப்பி செத்துப்போகும். இதைச் சொல்லித்தர ஆசிரியர் மாணவரின் கைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்படிப் பக்கத்தில் நிற்பதுதான் தொற்றுக்காலத்தில் ஆபத்து. கல்லூரியைத் திறப்பதா, மூடுவதா என்ற விவாதம் முழுவதும் இந்த ஒரே முடிச்சைச் சுற்றியே நடந்தது.

கூடுவதன் கணக்கு

ஒரு கூட்டம் பல ஊர்களிலிருந்து வந்து, சில வாரம் நெருக்கமாகத் தங்கி, பிறகு கலைந்து ஊர் திரும்பினால் நோய்க்கு என்ன வழி கிடைக்கும் என்பது இந்தக் கரைக்குப் புதிய கேள்வி அல்ல. முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்த காலத்தில், கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், வெற்று மணலில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். குளியாட்கள், படகு வைத்திருந்த சம்மாட்டிகள், வியாபாரிகள், அவர்களை நம்பிக் கடை போட்டவர்கள் எனப் பல்லாயிரம் பேர். காலரா பயம் அந்த முகாம்களை விட்டு நீங்கியதே இல்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மரிச்சுக்கட்டி முகாமில், காவல் நிலையம், நீதிமன்றத்தோடு மருத்துவமனையும் வைத்துத்தான் சலாபம் நடத்தினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தொழிலாளர்கள் நோய்க்காப்பு முகாம்களில் தங்கிப் புறப்பட்டார்கள். ராமேசுவரம் போகும் வழியில் மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயர் அதன் மிச்சம். 2020 ஜூன் மாதத்திலும் தூத்துக்குடித் துறைமுகத்தில், ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் தடவைக்கு ஏறத்தாழ 700 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் பிறகே அவர்கள் வீடு போய்ச் சேர முடிந்தது.

கல்லூரிக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஊரில் 200 பேருக்கு ஒருவர் தொற்றோடு நடமாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்காவது தொற்று இருக்க 22 சதவீத வாய்ப்பு. வகுப்பை இரண்டாகப் பிரித்து 25 பேராக்கினால் அது 12 சதவீதமாகும். ஆனால் உண்மையான லாபம் இதைவிடப் பெரியது. 50 பேர் ஓர் அறையில் இருந்தால், ஒருவருக்கு ஒருவர் என 1,225 ஜோடிகள் உண்டு. நோய் தாவ அத்தனை வழிகள். 25 பேர் என்றால் 300 ஜோடிகள்தான். ஆளைப் பாதியாக்கினால் வழிகள் கால்பங்காகின்றன. 2020 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறை, ஒரு நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது என்று சொன்னதன் பின்னால் இந்த எளிய கணிதம் இருக்கிறது. சுழற்சி முறை வெறும் சடங்கு அல்ல.

ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரே பாடத்தை ஆசிரியர் இரண்டு முறை நடத்த வேண்டும். மாணவருக்குப் பாதி நாள்தான் கிடைக்கும். கற்பித்தலைக் குறைத்து, பாதுகாப்பை வாங்குகிறோம். கற்பித்தலைக் குறைக்காமலே அதை வாங்க வழி இருக்கிறதா?

நான்கு கைப்பிடிகள்

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் பிர்த் வெல்ஸ் 1930-களில் ஒரு விஷயத்தைக் கண்டறிந்து சொன்னார். இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து வரும் துளிகளில் பெரியவை தரையில் விழும். சிறியவை விழுவதற்குள் காய்ந்து, காற்றிலேயே மிதக்கும். அளவைப் பொறுத்து வேறுபாடு மலைக்க வைக்கிறது. காற்றசைவே இல்லாத அறையில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி தரைக்கு வர 5 விநாடி போதும். 5 மைக்ரான் துகளுக்கு 33 நிமிடம் வேண்டும். 1 மைக்ரான் துகளுக்கு 12 மணி நேரம். முதல் வகையை ஆறடி இடைவெளி தடுக்கும். மற்ற இரண்டும் ஊதுவத்திப் புகையைப் போல அறை முழுக்கப் பரவி நிற்கும். அவற்றுக்கு ஆறடி ஒரு பொருட்டே அல்ல.

கொரோனா கிருமி மிதந்து பரவுவதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் அறிவித்தது. ஆனால் அதே மாதம் 10-ஆம் தேதி அமெரிக்காவின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயில் விழுந்தார்கள். ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஒரு குளிர்பதன உணவகத்தில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் இருந்த 10 பேருக்கு நோய் வந்தது. இப்படிச் சான்றுகள் குவிந்த பிறகு, 2021-இல் நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. இந்தியாவில் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே 20 அன்று வெளியிட்ட அறிவுரை, பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழும், நுண்துகள்கள் பத்து மீட்டர் வரை போகும் என்று சொல்லி, ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னது. அதற்குள் இரண்டு திறப்புகள் முடிந்திருந்தன; தமிழ்நாட்டில் இரண்டாம் அலையும் உச்சத்தை நெருங்கிவிட்டிருந்தது.

வெல்ஸும் அவரோடு பணியாற்றிய ரிச்சர்ட் ரைலியும் விட்டுச்சென்ற ஆய்விலிருந்து ஒரு சமன்பாடு வந்தது. அறைக்குள் ஒருவருக்குத் தொற்றும் வாய்ப்பை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. உள்ளே எத்தனை பேர் கிருமியை வெளிவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் அவர்களோடு இருக்கிறோம். எவ்வளவு மூச்சை உள்ளிழுக்கிறோம்; முகக்கவசம் இங்கேயும் வேலை செய்கிறது. நான்காவது, எவ்வளவு புதுக்காற்று உள்ளே வருகிறது. முதல் மூன்றும் அதிகமானால் ஆபத்து அதிகம். நான்காவது அதிகமானால் ஆபத்து குறையும்.

இந்த நான்கையும் நாம் திருகக்கூடிய கைப்பிடிகளாகப் பாருங்கள். ஆளைக் குறைத்தால் வகுப்பு பாதியாகும். நேரத்தைக் குறைத்தால் பாடம் பாதியாகும். முகக்கவசம் போட்டால் குரல் மங்கும், முகம் மறையும். நான்காவது கைப்பிடியைத் திருகினால் மட்டும் பாடத்திலிருந்து எதுவும் குறைவதில்லை.

ஓர் அறை, மூன்று நிலைகள்

10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். உள்ளே 50 பேர். மனிதர் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கரியமில வாயு. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்குதான். ஆகவே அறைக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தாலே, நாம் இழுக்கும் மூச்சில் எத்தனை பங்கு பிறர் விட்ட மூச்சு என்று தெரிந்துவிடும்.

முதல் நிலை: கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கின்றன. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை மட்டும் அறைக் காற்று மாறுகிறது. ஒரு மணி நேர வகுப்பு முடியும்போது கரியமில வாயு 2,400-ஐத் தாண்டும். ஏறத்தாழ இருபது மூச்சில் ஒன்று பிறருடைய மூச்சு. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் இந்த எண் மாறாது. மின்விசிறி காற்றைச் சுழற்றுமே தவிரப் புதுக்காற்றைக் கொண்டுவராது. சுவரில் மாட்டிய வழக்கமான ஏசியும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது.

இரண்டாம் நிலை: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று. 50 பேருக்கு அது 500 லிட்டர். மணிக்கு ஆறு முறைக்கு மேல் காற்று மாற வேண்டும். அப்போது கரியமில வாயு 920 அளவில் நிற்கும். எழுபது எண்பது மூச்சில் ஒன்றுதான் பிறருடையது.

மூன்றாம் நிலை: எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. காற்று வரும் பக்கம் மொத்தம் 2 சதுர மீட்டர் திறப்பு. வெளியே விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று. மரத்தின் இலைகள் சலசலக்கும் அளவுதான், பலத்த காற்று அல்ல. அது ஜன்னலுக்குச் சாய்வாக அடிக்கிறது என்று வைத்து, கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், விநாடிக்கு 1,800 லிட்டர் புதுக்காற்று உள்ளே வரும். மணிக்கு 23 முறை அறைக் காற்று மாறும். ஆளுக்கு 36 லிட்டர். கரியமில வாயு 560-ஐ ஒட்டியே இருக்கும்.

முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே புதுக்காற்றில் 23 மடங்கு வேறுபாடு. வகுப்பைப் பாதியாக்கியும் இதை எட்ட முடியாது. இதற்கு மின்சாரச் செலவும் இல்லை.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ரோட்ரிக் எஸ்கோம்ப் குழுவினர் அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் காற்று மாறியதன் இடைநிலை அளவு மணிக்கு 28 முறை. காசநோயாளிகளுக்கென்று இயந்திரக் காற்றோட்டம் அமைத்த நவீன அறைகளுக்குப் பரிந்துரைத்த அளவு 12. அதிலும் 1950-க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, பெரிய ஜன்னல் வைத்த பழைய வார்டுகள் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றன.

ஊர்க் காற்று

இந்தக் கணக்கைத் தூத்துக்குடியில் வைத்துப் பார்த்தால், காற்று ஓர் எண்ணாக இல்லாமல் பருவமாக வந்து நிற்கிறது. கடலோடிகள் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மேற்கே கச்சான், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம்.

முதல் திறப்பு நடந்தது வாடையும் மழையும் சேர்ந்த டிசம்பரில். சாரல் அடித்தால் முதலில் சாத்துவது ஜன்னலைத்தான். சாத்திய அறையில் முதல் நிலைக் கணக்கு ஓடும். தடுப்பூசி அப்போது இல்லை; சுகாதாரப் பணியாளர்களுக்கே 2021 ஜனவரி 16 அன்றுதான் தொடங்கியது. காற்றும் கைகொடுக்காத, உடம்பும் தயாராகாத மாதம் அது. மழை விழாத பக்கத்து ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தாலே பாதி வேலை நடந்துவிடும். ஆனால் அன்றைய விதிமுறைகளில் கைகழுவும் திரவத்துக்கும் வெப்பமானிக்கும் கிடைத்த இடம் ஜன்னலுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் திறப்பும் நான்காம் திறப்பும் பிப்ரவரியில். மழை போய், கடற்காற்று சீராக வரும் மாதம். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலே காற்று எழும்ப, கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள வகுப்பறைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரவு முழுக்க வீசிய நிலக்காற்று காலையில் ஓய்ந்து, கடற்காற்று இன்னும் எழாத இடைவேளை ஒன்று இருக்கிறது. முதல் பாடவேளை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. திறந்த ஜன்னலும் அப்போது அதிகம் உதவாது. செய்முறை வகுப்புகளையும் நெருங்கி நிற்க வேண்டிய வேலைகளையும் முற்பகலின் பிற்பகுதிக்குத் தள்ளினால், அதே அறை, அதே ஆட்கள், ஆனால் வேறு காற்று. கால அட்டவணையும் ஒரு மருந்துதான்.

மூன்றாம் திறப்பு செப்டம்பரில், கச்சானின் கடைசிப் பகுதியில். ஜூனிலிருந்தே ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக மேற்குக் காற்று புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, காய்ந்த தரையில் ஓடி வருகிறது. குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகளைக் குவித்ததும் இத்தகைய காற்றின் வேலைதான். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இந்த மாதங்களில் ஜன்னலைச் சாத்த வைப்பது புழுதி. பலகையில் எழுதிய எழுத்தின் மேல் செம்மண் படியும், நோட்டுத் தாள்கள் பறக்கும். அகலத் திறக்க வேண்டாம். இந்த வேகத்துக்கு ஒரு சாண் திறப்பே போதும். மேலே சுவரோரம் இருக்கும் வென்டிலேட்டர் துளைகள் திறந்திருந்தால், புழுதி குறைவாகவும் காற்று தாராளமாகவும் வரும்.

ஆனால் பல கட்டடங்களில் அந்தத் துளைகள் அட்டையால் அடைபட்டுக் கிடக்கின்றன. உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடித்து, ஒரு முறை சாத்திய ஜன்னல் பிறகு திறப்பதே இல்லை. கீல் இறுகிப்போய், சட்டத்தோடு பெயின்ட் ஒட்டி, சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட ஜன்னல்களை இந்தக் கரையில் எங்கும் பார்க்கலாம். வரைபடத்தில் அவை ஜன்னல்கள். கிருமியின் கணக்கில் அவை சுவர்கள். கடலோரக் கல்லூரி ஒன்று தொற்றுக்கு முன்னேற்பாடாக வாங்க வேண்டிய முதல் பொருள், துருப்பிடிக்காத கொக்கியும் கீலும்தான்.

வகுப்பில் தப்பியது மெஸ்ஸில் சிக்கியது

2020 டிசம்பர் திறப்புக்குப் பின் முதல் பெரிய அடி சென்னையில் விழுந்தது. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் அப்போது இருந்தவர்கள் 774 மாணவர்கள் மட்டும். டிசம்பர் 14 அன்று 71 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. மறுநாளே எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. அந்த வாரம் முடிவதற்குள் 180-ஐக் கடந்தது. ஆய்வகங்களும் துறைகளும் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு விடுதிகளைச் சேர்ந்தவர்கள். வளாகத்தில் ஒரே ஒரு மெஸ்தான் இயங்கியது என்பதை அதிகாரிகள் முக்கியக் காரணமாகச் சுட்டினார்கள்.

சமன்பாட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். வகுப்பில் முகக்கவசம் உண்டு, இடைவெளி உண்டு, பேசுவது பெரும்பாலும் ஒருவர். மெஸ்ஸில் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுகிறார்கள், எல்லோரும் பேசுகிறார்கள், சத்தத்தில் குரலை உயர்த்தியே பேசுகிறார்கள். குரல் உயர உயர வாயிலிருந்து வரும் நுண்துகள்களும் கூடும். பல துறை மாணவர்கள் கலப்பதும் அங்கேதான். வகுப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டிய வேலியை ஒரே சாப்பாட்டுக் கூடம் அவிழ்த்துவிடுகிறது. வளாகத்துக்குள் நுழையும்போது எடுத்த பரிசோதனையும் இதைத் தடுக்காது. தொற்றிய பின் அறிகுறி தெரிய நான்கைந்து நாளாகும். நுழைந்த அன்று இல்லை என்று வந்த முடிவு, அந்த வாரக் கடைசிக்கு எந்த உறுதியும் தராது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, கல்லூரி விடுதிகளில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை செய்ய அரசு முனைந்தது. மாணவர் வாழ்க்கையில் வகுப்பு நான்கைந்து மணி நேரம்தான். மீதி விடுதி, மெஸ், பஸ். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாதிரி வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்தில், வகுப்பறையை மட்டும் பாதுகாப்பது படகின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கீல் பூசுவதற்குச் சமம். சாப்பாட்டை இரண்டு மூன்று பந்தியாகப் பிரிப்பது, பந்திக்கு அதே குழுவை வைப்பது, கூடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைத் திறப்பது, முடிந்தால் முற்றத்திலோ மரத்தடியிலோ இலை போடுவது: இவைதான் விடுதியின் உண்மையான தடுப்பூசி. மழைக்கும் வெயிலுக்கும் மேலே கூரை மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்ட சாப்பாட்டுக் கொட்டகையே இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கட்டடம்.

அடுத்த முறைக்கு

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அதை அளக்க முடியாது என்று விட்டுவிடக் கூடாது. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கல்லூரிக்கு ஒன்று இருந்தால் போதும். இயற்பியல் மாணவர்கள் நாளுக்கு ஓர் அறையாக எடுத்துப்போய், வகுப்பு முடியும் நேரத்து எண்ணைப் பதிவு செய்யலாம். 1,000-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 2,000-ஐத் தொட்டால் அந்த அறையில் ஏதோ ஒரு ஜன்னல் பழுது. கருவி இல்லாத இடத்தில் ஓர் ஊதுவத்தி போதும். ஜன்னலருகே பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அறையின் மூலையில் பிடித்தால் எங்கே காற்று தேங்கி நிற்கிறது என்று தெரியும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே எல்லோரும் வெளியே வந்து பத்து நிமிடம் அறையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிடலாம். மணிக்கு 23 முறை காற்று மாறும் அறையில், அந்தப் பத்து நிமிடத்தில் பழைய காற்றில் 98 சதவீதம் வெளியேறிவிடும். சாத்திய அறையில் 15 சதவீதம்தான் போகும்.

இந்த வேலையைத் தொற்று வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். 2020-இல் நமக்குத் தடுப்பூசி கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று; அடுத்த கிருமிக்கு எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடைக்காலத்தில் மாணவர்களிடமிருந்து படிப்பைப் பிடுங்காமல் அவர்களைக் காப்பாற்றும் ஆயுதம், புதுக்காற்று ஒன்றுதான். காசநோய், தட்டம்மை, சளிக்காய்ச்சல் ஆகியவையும் காற்று வழியாகத்தான் வருகின்றன. ஆகவே இந்தச் செலவு அடுத்த பெருந்தொற்றுக்காகக் காத்துக்கிடக்கும் செலவும் அல்ல. இந்தப் பருவத்திலேயே பலன் தரும்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் அறைகளுக்கு ஒரு காற்றுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்: எந்த அறைக்கு எந்த மாதத்தில் எந்தத் திசைக் காற்று, எத்தனை ஜன்னல் திறக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம். கட்டட உறுதிக்கும் தீயணைப்புக்கும் சான்றிதழ் கேட்கும் அரசு, இதையும் கேட்க வேண்டும். அப்படி ஒரு பதிவேடு இருந்தால், அடுத்த தொற்றுக்காலத்தில் மாநிலம் முழுமைக்கும் ஒரே தேதியைக் குறிக்க வேண்டிய தேவை இருக்காது. எந்த ஊரில் எந்த அறையை இன்று திறக்கலாம், எதை மழை விடும் வரை மூடி வைக்கலாம் என்று அறிவோடு முடிவெடுக்கலாம். வேம்பாரிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் படிப்பு ஒன்பது மாதம் நின்றுபோகாமல் இருக்க, இதைச் செய்யும் கடமை நமக்கு உண்டு.